இரவல் காது

எழுபத்தொன்பது மணி நேரம். அதற்கு மேல் ஒரு நிமிடம்கூடக் கிடையாது என்று சொல்லித்தான் லீமாவை அனுப்பியிருந்தார்கள்.

டென்மார்க்கில், கடலோரமாக இருந்த பழைய விமானத் தளத்தின் புல்வெளியில் நின்று, வியாழக்கிழமை காலை சரியாகப் பதினொரு மணிக்கு, அவள் வலது காதுக்குப் பின்னால் இருந்த பொத்தானை அழுத்தினாள். கைபேசித் திரையில் 79:00 என்று தோன்றி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே 78:59 ஆனது. அந்த நொடியிலிருந்து லீமாவின் காதில் விழுவதெல்லாம், ஏழாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால், மதுரையில் ஒரு மருத்துவமனையின் மூன்றாம் மாடியில் இருக்கும் அக்கா ஜெனோவாவுக்கும் கேட்கும்.

உடனே போன் அடித்தது.

"ஹலோ. ஹலோ, ஹலோ. மைக் டெஸ்டிங். ஒன், டூ." கொஞ்சம் இடைவெளி. "ஏட்டி, இது என் குரலா? ஓட்டை ஹார்ன் ஸ்பீக்கர் மாதிரில்லா இருக்கு."

"எப்பவும் போலத்தான்க்கா இருக்கு."

"பொய் சொல்லாதட்டி. ரெண்டு வருஷமா நான் என் சத்தத்தை ஒழுங்காக் கேக்கல. நீ கேட்டுக்கிட்டுத்தான இருந்த? கரகரத்துப் போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா." மறுபடி இடைவெளி. "அரை செகண்டு டிலே வருது. பரவால்ல, சமாளிச்சுக்கலாம். ஆனா உன் குரல் வேற மாதிரி இருக்கு. உள்ளேருந்து வருது."

"எனக்கு நான் பேசுறது எப்படிக் கேக்குமோ, அப்படியே உனக்குக் கேக்குது."

"ஓ. நீ உனக்குள்ள இவ்வளவு கனமாவா பேசிக்கிடுத? வெளிய கொசு மாதிரில்லா கேக்கும்."

லீமா சிரித்தாள். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. தூத்துக்குடியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நாள் முழுக்கக் கண்ணாடிக் குழாய்களோடு இருப்பது அவளுக்குப் பிடித்திருந்தது. அவை பதில் எதிர்பார்ப்பதில்லை. கூட்டம் என்றால் ஓரமாக ஒதுங்கிவிடுவாள். இப்போது ஐம்பதாயிரம் பேர் கூடாரம் அடிக்கும் வெளியில், முழங்கால்வரை ரப்பர் பூட்சு போட்டுக்கொண்டு நின்றாள்.

இங்கே வந்திருக்க வேண்டியவள் ஜெனோவா. 'ஜெனோவா சவுண்ட் சர்வீஸ்' என்றால் கடற்கரை ஊர்களில் எல்லாருக்கும் தெரியும். கோயில் கொடியேற்றம், கல்யாணக் கச்சேரி, கட்சிக் கூட்டம் எதுவானாலும் சவுண்ட் மிக்சருக்குப் பின்னால், தலையில் ஹெட்போன் மாட்டி நிற்பாள். இந்த இசை விழாவைப் பற்றிப் பத்து வருடமாகப் பேசிக்கொண்டிருந்தாள். திறந்தவெளியில் கடைசி ஆள்வரைக்கும் ஒரே சத்தம் போய்ச் சேருமாம். அதை ஒரு தடவை நேரில் நின்று கேட்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. பணம் சேர்த்து, விழாவுக்கும் விமானத்துக்கும் டிக்கெட் வாங்கிய பிறகுதான் இரண்டு காது நரம்பிலும் கட்டி என்று தெரிந்தது. ஆறு மாதத்துக்குள் உலகம் முழுக்க அவளுக்கு ஊமையாகிவிட்டது.

"அம்மாட்டக் குடுக்கேன், இரு," என்றாள் ஜெனோவா போனில். "ரெண்டு வருஷமாச்சு அம்மா சத்தம் கேட்டு. நீ சும்மா காதுல வச்சிரு."

லீமா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது. மூச்சு விடும் சத்தம் கேட்டது. பிறகு செருப்புச் சத்தம், கதவுச் சத்தம்.

"அம்மா போனை வாங்க மாட்டேங்கா," என்றாள் ஜெனோவா. "கையை ஆட்டிட்டு வெளிய போயிட்டா. என்னட்டி அவளுக்கு?"

லீமாவுக்குத் தெரியும். ஆனால் சொல்ல முடியாது. ஒரு நிமிடம் கழித்து அம்மாவிடமிருந்து செய்தி வந்தது. அம்மாவுக்கு எழுதவே வராது. எப்போதும் குரல் பதிவுதான் அனுப்புவாள், அதுவும் மூன்று நிமிடத்துக்குக் குறையாது. இப்போது எழுத்தைத் தேடித் தேடித் தட்டியிருந்தாள்.

'என்னால முடியாது வாய் தவறிரும் நீ பாத்துக்க'

*

பக்கத்துக் கூடாரத்தில் இருந்தவள் பெயர் தர்சினி. யாழ்ப்பாணத்துக் குடும்பம். பிறந்தது வளர்ந்தது எல்லாம் டென்மார்க். லீமா கைபேசியில் 'வந்து சேர்ந்தேன்' என்று தமிழில் தட்டுவதை எட்டிப் பார்த்துவிட்டு, "அட, நீங்கள் தமிழோ?" என்று சுடுதண்ணீரும் ஒரு பாக்கெட் பிஸ்கட்டும் கொண்டுவந்து உட்கார்ந்துவிட்டாள்.

"உது என்ன, காதுக்குப் பின்னால? ஹியரிங் எய்டோ?"

"இல்லங்க. எனக்குக் கேக்கும். இது அக்காவுக்கு."

"விளங்கேல்ல."

லீமா மெதுவாகச் சொன்னாள். கட்டியால் அக்காவின் காது நரம்பு இரண்டும் போய்விட்டன. அதனால் நரம்பைத் தாண்டி, மூளைத்தண்டிலேயே ஒரு சின்னத் தகட்டைப் பதித்தார்கள். மைக் வழியாகச் சத்தத்தை அனுப்பிப் பார்த்தார்கள். வெறும் இரைச்சல்தான் வந்தது. ஆனால் வேறொரு மனிதக் காது கேட்டு, அந்த நரம்பில் ஓடும் துடிப்பை அப்படியே எடுத்து அனுப்பினால் மூளை புரிந்துகொள்கிறது. கூடப் பிறந்தவர்களாக இருந்தால் நன்றாகப் பொருந்துகிறது.

"அப்ப நான் கதைக்கிறதும் அவவுக்குக் கேக்குதோ?"

"எல்லாமே கேக்கும். முழு சக்தியில ஒரு தடவை போட்டாச்சுன்னா நடுவுல நிறுத்த முடியாது. நிறுத்துனா மறுபடி சேராது."

"நித்திரை கொள்ளேக்கையும்?"

"காது தூங்காதுல்ல."

தர்சினி லீமாவின் வலது காதருகே குனிந்தாள். "அக்கா, வணக்கம். தங்கச்சி ஒழுங்காச் சாப்பிடுறா இல்ல. நான் பாத்துக்கொள்ளுறன்."

கைபேசி அதிர்ந்தது. ஜெனோவா எழுதியிருந்தாள்: 'இந்தப் பிள்ளை தமிழ் நல்லாருக்கு. நீ பேசாட்டாலும் அவளைப் பேச வை.'

மாலை பெரிய மேடையில் முதல் நிகழ்ச்சி. தரை அதிர்ந்தது. லீமாவுக்கு அது என்ன இசை என்றுகூடப் பிடிபடவில்லை. ஆனால் கைபேசி ஓயவே இல்லை.

'இடது பக்கம் இருபது அடி நகரு. பின்னால ஏதோ சுவர் இருக்கு, பேஸ் சத்தம் திரும்பி வருது.'

லீமா திரும்பிப் பார்த்தாள். வரிசையாக நாற்பது தற்காலிகக் கழிவறைகள்.

'நகந்தாச்சு. அது கக்கூஸ்க்கா.'

'அதான பார்த்தேன். இங்க கரெக்ட். இங்கயே நில்லு. அசையாத. தலையைத் திருப்பாத. ஏட்டி, கேக்குதா உனக்கு? கடைசி ஆள்வரைக்கும் போகுது பாரு.'

லீமா அசையவில்லை. பீர்க் கோப்பையோடு இடித்துக்கொண்டு போனவர்களுக்கு நடுவே, நட்ட கம்பு மாதிரி நின்றாள். தோளில் யாரோ கை வைத்து ஆடக் கூப்பிட்டார்கள். தலையைத் திருப்பாமலே மறுத்தாள்.

*

அந்த ரகசியம் இதுதான்.

மூன்று வாரத்துக்கு முன், மருத்துவமனையில் வைத்து, கருவியைக் குறைந்த சக்தியில் சோதித்துப் பார்த்தார்கள். லீமா கட்டில் அருகே உட்கார்ந்து கை தட்டினாள், ஆட்களின் பெயர்களை வாசித்தாள். ஜெனோவா முதலில், "ஃபேன்," என்றாள். பிறகு, "யாரோ நர்ஸ் செருப்பு தேய்ச்சு நடக்கா," என்றாள். பிறகு அழுதாள். டெக்னீஷியன் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று கட்டைவிரலைக் காட்டிவிட்டு டீ குடிக்கப் போனார்.

அப்போதுதான் டாக்டர் வந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் அம்மா எழுந்துவிட்டாள். நோயாளி முன்னால் எதையும் பேசக்கூடாது என்பது அம்மாவின் வழக்கம். அப்பா நோயாகக் கிடந்தபோதும் அப்படித்தான் நடந்தது. டாக்டரை நடைபாதைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பயத்தில் லீமாவின் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டாள்.

"கட்டி தகட்டுக்கு அடியிலேயே வளர்ந்திருக்கும்மா," என்றார் டாக்டர். "எடுக்காட்டி நாலு மாசம். எடுத்தா உயிர் தப்பும். ஆனா தகட்டையும், அது ஒட்டியிருக்கிற இடத்தையும் சேர்த்துத்தான் எடுக்கணும். அதுக்கப்புறம் எந்தக் கருவி வச்சும் கேக்க வைக்க முடியாது. தங்கச்சி காதை வச்சும் முடியாது."

அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவளுக்குத் தெரியக் கூடாது டாக்டர். தெரிஞ்சா சம்மதிக்க மாட்டா. சத்தமில்லாம உயிரோட இருக்கதுக்கு, போயிரலாம்னு ரெண்டு வருஷமாச் சொல்லுதா. உங்களைக் கும்பிட்டுக் கேக்கேன்."

"நான் சொல்லித்தாம்மா ஆகணும். அவங்க சின்னக் குழந்தை இல்ல."

"நானே சொல்லிக்கிடுதேன். நீங்க சொல்லாண்டாம்."

அவள் சொல்லவில்லை. பேட்டரி மாற்ற ஒரு சின்ன ஆபரேஷன் என்று அம்மாவே சொல்லிக் கையெழுத்து வாங்கினாள். ஆபரேஷன் திங்கள்கிழமை காலை ஆறு மணிக்கு. அதற்கு முந்தைய இரவு ஒன்பதரைக்கு, டென்மார்க் நேரத்தில் மாலை ஆறுக்கு, கருவியை அணைத்துவிட வேண்டும். அதற்குள் அவள் ஆசைப்பட்டதைக் கேட்டுக்கொள்ளட்டும் என்றுதான் லீமாவை அவசரமாக விமானம் ஏற்றினார்கள். எழுபத்தொன்பது மணி நேரக் கணக்கு வந்தது அப்படித்தான்.

அன்று நடைபாதையிலிருந்து திரும்பியபோது ஜெனோவா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அழுத களைப்பில் தூங்கிவிட்டாள் என்று லீமா நினைத்தாள்.

*

வெள்ளி முழுக்க மழை. கூடாரத் துணியில் விழும் மழையை நாலு மணி நேரம் கேட்டதாக ஜெனோவா எழுதினாள். 'பாட்டைவிட இது நல்லாருக்குட்டி. நீ லேசாக் குறட்டை விடுத.' மேடைகளுக்கு நடுவே சேற்றில் மரப்பலகை போட்டிருந்தார்கள். லீமா பூட்சு சதக் சதக்கென்று ஒலிக்க நடந்தாள். ஒரு மேடையில் வயலின் மாதிரி ஒன்றை மடியில் வைத்து வாசித்தார்கள். இன்னொன்றில் ஆறு பேர் வெறும் தகர டிரம்மை அடித்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஜெனோவா மார்க் போட்டாள். ஒவ்வொரு நாளும் கடைசியில் ஒரே செய்தி.

'அம்மா பேசுனாளா உன்கிட்ட?'

'இல்லக்கா.'

'பக்கத்துல உக்காந்து ஜெபமாலை உருட்டிட்டு இருக்கா. வாய் அசையுது. எனக்குக் கேக்காதுல்லா. உனக்கு போன் போடச் சொன்னேன். தலைவலின்னு எழுதுதா.'

லீமா அம்மாவுக்கு எழுதினாள். 'ரெண்டு நிமிஷம் பேசும்மா. கதை ஏதாவது பேசு. திட்டக்கூடச் செய்.' பதில் வந்தது. 'பேசுனா அழுதுருவேன் அழுதா கண்டுபிடிச்சிருவா ஆபரேஷன் வேண்டாம்னு சொல்லிருவா அவ உயிரு முக்கியம்'

அம்மா சொல்வது தப்பு என்று லீமாவால் சொல்ல முடியவில்லை. அவள் காது அவளுடையதாக இருந்திருந்தால், யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லி யோசனை கேட்டிருப்பாள். இப்போது அவள் சொன்னாலும் அக்காவுக்குக் கேட்கும். பிறர் அவளிடம் சொன்னாலும் கேட்கும்.

சனிக்கிழமை மத்தியானம் தாங்க முடியாமல் எல்லாவற்றையும் கைபேசியில் எழுதி, தர்சினியிடம் நீட்டினாள்.

தர்சினி வாசித்தாள். முகம் மாறியது. "ஐயோ கடவுளே," என்றாள். "அப்ப அந்த அக்காவுக்கு இன்னும் ஒருத்தரும் சொ—"

லீமா பாய்ந்து தன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

தர்சினி வாயைக் கையால் மூடிக்கொண்டாள். தூரத்தில் ஏதோ மேடையில் கைதட்டல், லீமாவின் உள்ளங்கைகளுக்குள் கடல் மாதிரி இரைந்தது.

கைபேசி அதிர்ந்தது. 'ஏன் காதைப் பொத்துன?'

'ஸ்பீக்கர் சத்தம்க்கா. திடீர்னு.'

'சரி' என்று மட்டும் வந்தது. ஜெனோவா தன் வாழ்நாளில் எதற்கும் 'சரி' என்று மட்டும் சொன்னதில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கடைசி நிகழ்ச்சி. ஜெனோவா பத்து வருடமாக வீடியோவில் பார்த்து, எந்த நிமிடத்தில் எந்தக் கருவி ஏறும் என்று மனப்பாடம் செய்திருந்த குழு அது. லீமா மூன்று மணியிலிருந்தே இடம் பிடித்து நின்றாள். மிக்சர் மேடைக்கு நேர் பின்னால், ஜெனோவா சொன்ன இடம். ஐந்து மணிக்குத் திரையில் 01:00.

இசை ஆரம்பித்தது. இந்தத் தடவை லீமாவுக்கே மயிர்க்கூச்செறிந்தது. பக்கத்தில் தர்சினி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். எவ்வளவோ பேர் ஒரே நேரத்தில் மூச்சை இழுப்பது போல ஒரு கணம் வந்தது.

கைபேசி அதிர்ந்தது.

'அங்கேருந்து வெளிய வா.'

லீமா புரியாமல் பார்த்தாள். 'இடம் சரியில்லையாக்கா?'

'இடம் அருமை. வெளிய வா. சத்தமில்லாத இடமாப் பாரு.'

'அக்கா இது நீ கேட்ட பாட்டு.'

'கேட்டாச்சு. போதும். ஏட்டி, நான் சொல்லுததைக் கவனமா வாசி. அன்னைக்கு ஆஸ்பத்திரில டெக்னீஷியன் டீ குடிக்கப் போனாரு. அணைச்சிட்டுப் போனாரான்னு யாராவது கேட்டீங்களா?'

லீமா அதை மறுபடி வாசித்தாள். நடைபாதை. டாக்டரின் குரல். அம்மாவின் குரல். நோயாளியிடமிருந்து மறைக்க என்று நடைபாதைக்குப் போனார்கள். நோயாளியின் காதையும் கையோடு பிடித்து இழுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

'எல்லாம் கேட்டுது. நாலு மாசம்னு சொன்னதும். தங்கச்சி காதை வச்சும் முடியாதுன்னு சொன்னதும். அம்மா கும்பிட்டதும்.'

'அக்கா'

'தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டேன். அம்மா அழுத அழுகையைக் கேட்ட பிறகு வேற என்ன செய்ய? ஆனா அவளா வந்து சொல்லுவான்னு பார்த்தேன். இருபத்திரெண்டு நாளாப் பார்த்தேன். நீ அவளைப் பேச வை. எனக்குப் பாட்டு வேண்டாம்.'

தர்சினி எட்டி வாசித்துவிட்டாள். லீமாவின் மணிக்கட்டைப் பிடித்து, "என்ர கார் பார்க்கிங்ல நிக்குது. கண்ணாடியை மூடினா சத்தம் வராது. வாங்கோ," என்றாள்.

ஐம்பதாயிரம் பேர் முன்னோக்கி நின்றார்கள். அவர்கள் இருவர் மட்டும் எதிராகப் போனார்கள். மன்னிக்கணும், மன்னிக்கணும் என்று லீமா தமிழிலேயே சொல்லிக்கொண்டு போனாள். பலகைப் பாதை முடிந்து சேறு. ஒரு பூட்சு சேற்றில் மாட்டிக்கொண்டது. காலை மட்டும் உருவிக்கொண்டு ஓடினாள். ஓடிக்கொண்டே அம்மாவுக்குத் தட்டினாள்: 'அக்காவுக்கு எல்லாம் தெரியும். கையெழுத்து போடும்போதே தெரியும். இப்பவே எனக்கு போன் போடு.' அனுப்பும் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அந்தப் பாட்டை யார் யாருக்கோ அனுப்பிக்கொண்டிருந்தார்கள். செய்தி போகவில்லை.

கார் நிறுத்தியிருந்த வயலுக்கு வந்தபோது 00:19. தர்சினி கதவைத் திறந்துவிட்டாள். "நான் வெளியில நிக்கிறன். நீங்கள் உங்கட ஆக்களோட கதையுங்கோ." கதவு மூடியது. இசை ஒரு மெல்லிய அதிர்வாகச் சுருங்கி, பிறகு அதுவும் இல்லாமல் போனது. லீமாவுக்குத் தன் இதயம் அடிப்பது கேட்டது. அது அக்காவுக்கும் கேட்டுக்கொண்டிருக்கும்.

00:14. செய்தி போய்விட்டது. அம்மா வாசித்துவிட்டாள் என்ற அடையாளமும் வந்தது. அதற்கப்புறம் ஒன்றுமில்லை.

00:11.

லீமா வாயைத் திறந்தாள். "அக்கா, நான் வேணா சொல்லட்டுமா? என் குரல்ல..."

'வேண்டாம்' என்று வந்தது. 'நீ காதா மட்டும் இரு.'

00:09. போன் அடித்தது. அம்மா.

லீமா அதை வலது காதில் வைத்தாள். நீண்ட மூச்சு. மின்விசிறிச் சத்தம். மதுரையில் அம்மா அக்காவின் கட்டில் அருகிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும்; கை நீட்டினால் தொடும் தூரம். அங்கிருந்து பேசும் பேச்சு உலகத்தின் இந்த மூலைக்கு வந்து, இந்தக் காருக்குள் நுழைந்து, இந்தக் காது வழியாகத் திரும்பிப் போய்த்தான் அந்தக் கட்டிலை அடைய முடியும்.

"லீமா," என்றாள் அம்மா. "சாப்பிட்டியாட்டி?"

லீமாவுக்காகக் கேட்கப்பட்ட கேள்வி அல்ல அது.

"குளிருதா அங்க? ஸ்வெட்டர் போட்டிருக்கியா?" குரல் உடைந்தது. அப்பால் ஏதோ தட்டும் சத்தம். ஜெனோவா கட்டில் கம்பியைத் தட்டுகிறாள் போலிருந்தது. மேடையில் ஆள் தயங்கினால் மைக்கைத் தட்டிக் காட்டுவாளே, அப்படி. பிறகு அவளுடைய கரகரத்த குரல் தூரத்தில் கேட்டது. "அவகிட்ட இல்லம்மா. என்கிட்டப் பேசு."

00:06.

"என் தங்கம்," என்றாள் அம்மா. இப்போது குரல் போனுக்கு நெருக்கமாக வந்தது. "என்னப் பாரு. என் வாயப் பாரு. ஐயோ மாதாவே, எப்படிச் சொல்லுவேன்..."

லீமா கண்ணை மூடிக்கொண்டாள். மூச்சையும் அடக்கிக்கொண்டாள், நடுவில் வேறு எந்தச் சத்தமும் வந்துவிடக் கூடாதென்று.

"ஜெனோ. நாளைக்குக் காலைல உன் தலைக்குள்ள இருக்கதை எடுத்துருவாங்கம்மா. பேட்டரி மாத்த இல்ல. உன்கிட்டப் பொய் சொல்லிட்டேன். இனிமே உனக்கு எதுவுமே கேக்காது. நான் கூப்பிட்டாலும் கேக்காது."